பன்னிரண்டு மணிக்கு வரும் கார்

ஏழாவது ஞாயிற்றுக்கிழமையும் நூலா இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை.

நற்கருணைக்கான மணி ஒலித்ததும் முன்வரிசையிலிருந்து பெஞ்சு பெஞ்சாக எழுந்து பீடத்தை நோக்கிப் போனார்கள். நவம்பர் மழையில் நனைந்த கம்பளிக் கோட்டுகளின் வாடை கோயில் முழுக்க நிறைந்திருந்தது. நூலா முழந்தாளிட்டபடியே பின்னால் சாய்ந்து, மற்றவர்கள் தன்னைக் கடந்து போக வழி விட்டாள்.

அவள் தங்கியிருந்த வீட்டுக்காரி மிஸஸ் ருவான் கடக்கும்போது நின்று குனிந்தாள்.

"மறுபடியும் டீ குடிச்சிட்டியா, கண்ணு?"

"மறந்துட்டேங்க."

"ஆமா, குளிர்காலம் பாரு. மறதி வரத்தான் செய்யும்," என்று சொல்லிவிட்டு, கைகளைக் கூப்பிக்கொண்டு வரிசையில் சேர்ந்துகொண்டாள்.

ஒரு ஞாயிறு நற்கருணை வாங்காமல் உட்கார்ந்திருந்தால், வெறும் வயிற்றோடு வர மறந்துவிட்டாள் என்பார்கள். இரண்டு ஞாயிறு என்றால் உடம்பு சரியில்லை என்பார்கள். அதற்கு மேல் கில்லாரனில் யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். வாரங்களை எண்ண ஆரம்பித்துவிடுவார்கள்.

ஃபாதர் லாவெல் கடைசி ஆளுக்கும் அப்பத்தைக் கொடுத்துவிட்டு நிமிர்ந்தார். காலியான பெஞ்சுகளுக்கு நடுவில் தனியாக முழந்தாளிட்டிருந்த நூலாவின் மேல் அவர் பார்வை ஒரு கணம் தங்கியது. அதில் கோபம் இல்லை. ஒரு முடிவுக்கு வந்துவிட்டவரின் அமைதி இருந்தது. அதைப் பார்த்துத்தான் அவளுக்குக் குளிரெடுத்தது.

ரவிக்கைக்குள், மாதா சுரூபம் கோத்த கயிற்றில், ஒரு மோதிரமும் தொங்கிக்கொண்டிருந்தது. அதைத் துணிக்கு மேலாகவே அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அதற்குக் கொஞ்சம் கீழே ஐந்து மாதக் குழந்தை அசைந்தது.

ஊரை ஏமாற்றுவது அவளுக்கு அவ்வளவு கஷ்டமாக இல்லை. ஆனால் குருவானவரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில் ஒன்றை மறைத்துவிட்டு நாக்கை நீட்டி அப்பத்தை வாங்கிக்கொள்ள மட்டும் அவளால் முடியவில்லை. அந்த ஒரு நேர்மைதான் அவளைக் காட்டிக்கொடுத்தது.

*

நூலா டெவேனி கில்லாரன் தபால் ஆபீசின் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஐந்து வருடமாக வேலை பார்த்தாள். ஒன்பது மைல் தள்ளி மலையடிவாரத்தில் இருந்த அம்மாவும் இரண்டு தம்பிகளும் அவள் சம்பளத்தில்தான் சாப்பிட்டார்கள். அப்பா இறந்து ஆறு வருடமாகிறது.

கடலுக்கு அப்பால் லிவர்பூலில் தச்சு வேலை செய்துகொண்டிருந்த ஃபெலிம் கோர்மன் ஒரு கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வந்திருந்தான். திரும்பிப் போகும்போது அவள் மனசையும் எடுத்துக்கொண்டு போனான். அவன் கேட்ட அன்றே அவள் சம்மதம் சொல்லியிருப்பாள். ஆனால் அரசாங்க வேலையில் இருக்கும் பெண், கல்யாணம் செய்துகொண்ட நாளிலேயே வேலையை விட்டுவிட வேண்டும். ஆண்களுக்கு அப்படி ஒரு விதி இல்லை. கல்யாணமான ஆணுக்குச் சம்பளம் கூடத்தான் செய்யும்.

"உன் பெரிய தம்பி படிப்ப முடிக்கட்டும். ரெண்டே வருஷம். அதுக்கப்புறம் ஊரறிய கோயில்ல பண்ணிக்கலாம்," என்றான் ஃபெலிம்.

"ரெண்டு வருஷம் நீ அங்க, நான் இங்கயா?"

"அப்படீன்னா இப்பவே யாருக்கும் தெரியாம ஒண்ணு, அப்புறம் எல்லாருக்கும் தெரிய ஒண்ணு. ரெண்டு தடவை கட்டிக்கிட்டா வேணாங்கப் போறியா?"

வேறு கோயிலில் போய்க் கட்டிக்கொள்ளலாம் என்றாலும் ஃபாதர் லாவெல் கையெழுத்துப் போட்ட கடிதம் வேண்டும். அவர் மூன்று ஞாயிறு பூசையில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிப்பார். முதல் ஓலை வாசித்த மறுநாளே எக்ஸ்சேஞ்சில் அவள் நாற்காலி காலியாகிவிடும். அதனால் ஜூன் மாதத்தில், சித்தப்பா மகளைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் கப்பலேறி, லிவர்பூலில் ஒரு ரிஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்துப் போட்டுக் கல்யாணம் செய்துகொண்டாள். சாட்சிக்கு, அடுத்துக் காத்திருந்த ஜோடி வந்து நின்றது. ஒரு வாரம் அவனோடு இருந்துவிட்டு, மோதிரத்தைக் கயிற்றில் கோத்துக்கொண்டு, மறுபடியும் மிஸ் டெவேனியாகத் திரும்பி வந்தாள்.

*

திங்கட்கிழமை காலை ஸ்விட்ச் போர்டின் முன்னால் அவளும் அட்ராக்டாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அட்ராக்டா அவளுக்கு மூன்று வயது மூத்தவள். கொஞ்சம் பருமன், வாய் அதிகம். பின்னால் கணப்பில் கரி நன்றாகப் பற்றி எரிந்துகொண்டிருந்தது.

"ஏய், இந்தச் சூட்டுல எதுக்குடி ரெண்டு ஸ்வெட்டர்?"

"குளிருது."

"எனக்கு வேர்க்குது. உனக்குக் குளிருது. சரி." அட்ராக்டா ஒரு பிளக்கை இழுத்து இன்னொரு ஓட்டையில் செருகினாள். போர்டைப் பார்த்தபடியே குரலைத் தாழ்த்தினாள். "நூலா, ஏழு வாரம் ஆச்சு."

நூலா அடுத்த பிளக்கை எடுத்துச் செருகினாள்.

"நீயா சொல்ற வரைக்கும் நான் கேக்க மாட்டேன். ஆனா எங்கம்மா கேக்கறா. மிஸஸ் ருவான் கேக்கறா. கறிக்கடைக்காரன் கூட, எலும்பைப் பொட்டலம் கட்டிக்கிட்டே கேக்கறான், 'உன் சிநேகிதி சௌக்கியமா'ன்னு. அவன் என்னைக்குடி யார் சௌக்கியத்தைக் கேட்டிருக்கான்?"

"கிறிஸ்துமஸுக்கு எல்லாம் சொல்றேன்."

"கிறிஸ்துமஸுக்கு நீ சொல்லவே வேணாம்," என்று அட்ராக்டா அவள் ஸ்வெட்டரைப் பார்த்தாள். "அதுவே சொல்லிடும்." பிறகு கன்னத்தைப் பிடித்துக்கொண்டு முனகினாள். "ஐயோ, இந்தக் கடைவாய்ப் பல்லு என்னைக் கொல்லுது. நாளைக்கு மத்தியானம் பிடுங்கணும். என் நேரத்துல நீ உக்கார்றியா?"

"உக்கார்றேன்."

அந்த மாற்றம் அவர்கள் இருவருக்கும் மேற்பார்வையாளர் மிஸ் டோலனுக்கும் மட்டும்தான் தெரியும்.

*

செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு, அழைப்பு வந்ததற்கு அடையாளமாக, போர்டில் நான்காம் நம்பரின் சிறு மூடி தட்டென்று விழுந்தது. நான்கு, ஃபாதர் லாவெல் வீட்டு எண்.

"நம்பர் ப்ளீஸ்," என்றாள் நூலா. மிஸ் டோலன் பழக்கிய குரல் அது. அந்த எக்ஸ்சேஞ்சில் யார் பேசினாலும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

"ஒரு டிரங்க் கால் வேணும்மா," என்று அடுத்த மாவட்டத்துக் கன்னியர் மடம் ஒன்றின் எண்ணைச் சொன்னார் ஃபாதர்.

நூலா இணைப்புக் கொடுத்தாள். இரண்டு பக்கமும் பேச்சு ஆரம்பித்ததும் விசையைத் தள்ளிக் காதை விலக்கிக்கொள்ள வேண்டும். ஒட்டுக் கேட்பவளுக்கு வேலை போய்விடும். அவள் விரல் விசைக்குப் போய்விட்டது.

"நான் கடிதத்துல எழுதியிருந்தேனே மதர், அந்த டெவேனிப் பொண்ணு."

விரல் அங்கேயே நின்றது.

"இடம் இருக்கு ஃபாதர். துணி வெளுக்கற இடத்துல ஆள் கம்மியாத்தான் இருக்காங்க. எத்தனை மாசம்?"

"அஞ்சு இருக்கும்னு வீட்டுக்காரம்மா சொல்றாங்க."

"அப்ப மார்ச்சுல பிறக்கும். குழந்தைக்காக அமெரிக்காவுல ஒரு நல்ல குடும்பம் காத்துக்கிட்டிருக்கு. வீட்டுல சம்மதமா?"

"அவங்க அம்மாகிட்ட நேத்து பேசிட்டேன். ரொம்ப அழுதாங்க பாவம். நாளைக்குக் கார்ல அவங்களையும் ஏத்திக்குங்க. அம்மா முகத்தைப் பார்த்தா பொண்ணு தகராறு பண்ணாது. பன்னிரண்டு மணிக்கு தபால் ஆபீஸ் வாசல்ல நிப்பாட்டுங்க."

"வர மாட்டேன்னு சொன்னா?"

ஃபாதர் சிரிக்கவில்லை, வருத்தத்தோடுதான் சொன்னார். "எங்க போவா மதர்? வேலை இல்லாம, வீடு இல்லாம எங்க போவா?"

பேச்சு முடிந்ததும் இரண்டு பிளக்குகளையும் இழுத்து அதனதன் இடத்தில் வைத்தாள். கைக்கு அந்த வேலை பழகியிருந்ததால் செய்தது. அம்மா. அம்மா சம்மதித்துவிட்டாள். அந்த ஒன்றே காதுக்குள் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தது.

பிறகு மெல்ல ஒரு தைரியம் வந்தது. அவர்கள் தேடி வருவது கல்யாணமாகாத பெண்ணை. அவளோ கல்யாணமானவள். பெட்டியின் அடியில் சான்றிதழ் இருக்கிறது. அதைக் காட்டினால் வேலை போகும், போகட்டும். குழந்தையைத் தொட யாருக்கு உரிமை இருக்கிறது?

*

அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு மூவேளை செப மணி அடித்து முடிந்ததும் ஃபாதர் லாவெல் வந்தார். மிஸஸ் ருவான் முன்னறையில், விருந்தாளிகளுக்கென்றே வைத்திருந்த கோப்பைகளில் டீயும், வெண்ணெய் தடவிய ரொட்டியும் வைத்துவிட்டு வெளியே போனாள். கதவு முழுதாகச் சாத்தப்படவில்லை.

"உக்காரு மகளே. உனக்கு ஏதாவது சொல்லணும்னா இது நல்ல நேரம்."

நூலா உட்காரவில்லை. மடித்த காகிதத்தை நீட்டினாள்.

"எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சு ஃபாதர். மறைச்சது தப்புதான். வேலைக்காக மறைச்சேன். நாளைக்கே ராஜினாமா எழுதிக் குடுத்துட்டு என் புருஷன்கிட்ட போயிடறேன்."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். படிக்கப் படிக்க அவர் முகம் இளகும் என்று எதிர்பார்த்து நின்றாள். அது இளகத்தான் செய்தது. ஆனால் நோயாளியின் படுக்கை அருகில் நிற்பவரின் முகம் போல.

"எந்தக் கோயில்ல?"

"கோயில்ல இல்ல ஃபாதர். ரிஜிஸ்டர் ஆபீஸ்."

"குருவானவர் யாரு?"

"யாரும் இல்ல."

"அப்ப உனக்குக் கல்யாணம் ஆகலயே, மகளே."

நூலா காகிதத்தின் அடியைத் தொட்டுக் காட்டினாள். "அதுல அரசாங்க முத்திரை இருக்கு, ஃபாதர்."

"இருக்கு. அரசாங்கத்துக்கு நீ கல்யாணம் ஆனவ. அதை உன் ஆபீசுக்குச் சொல்லித்தான் ஆகணும். நான் அதை மறைச்சா அது பொய். ஆனா கடவுளுக்கு முன்னாடி நீ ஆகாதவ. உன் வயித்துல இருக்கறதுக்கு அப்பா இல்ல."

"அவர் பேரு ஃபெலிம் கோர்மன்! அதுல எழுதியிருக்கு!"

"சத்தம் வேணாம்." அவர் காகிதத்தை மடித்துத் தன் செபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார். "இது என்கிட்டயே இருக்கட்டும். நீ நிம்மதியா தூங்கு. நாளைக்கு எப்பவும் போல வேலைக்குப் போ."

நாளை என்ன நடக்கும் என்று அவர் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. அவள் கையில் மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

*

புதன்கிழமை காலை மிஸஸ் ருவான் அவள் தட்டில் இரண்டு முட்டைகள் வைத்தாள். ஐந்து வருடமாக ஒரு முட்டைதான்.

"சாப்பிடு கண்ணு. தெம்பா இருக்கணும்," என்று சொல்லி, அவள் தலைமுடியை ஒதுக்கிவிட்டாள். வாசலில் ஆணியில் எப்போதும் தொங்கும் நூலாவின் கோட்டு இல்லை. "தைக்கக் குடுத்திருக்கேன், பட்டன் ஆடிக்கிட்டிருந்துச்சு. மத்தியானம் வந்துடும்," என்றாள்.

நூலா இரண்டு முட்டைகளையும் தின்றாள். மாடிக்குப் போய், பணம் சேர்த்து வைத்திருந்த பையை மட்டும் ஸ்வெட்டருக்குள் செருகிக்கொண்டு, மழையில் தலை நனைய எக்ஸ்சேஞ்சுக்கு நடந்தாள். கப்பல் துறைக்கு ரயில் ஏற, ரயில் நிலையத்துக்குப் போகும் பஸ் பதினொன்றரைக்கு. நாளுக்கு அந்த ஒரு பஸ்தான்.

மிஸ் டோலன் அவளைத் தன் மேஜைக்குக் கூப்பிட்டார். ஐம்பது வயது, இறுக்கமான கொண்டை. முப்பது வருடமாக மிஸ்ஸாகவே இருந்து அந்த நாற்காலிக்கு வந்தவர். கையில் ஃபாதரின் கையெழுத்தில் ஒரு கடிதம்.

"மிஸஸ் கோர்மன்," என்றார்.

அந்தப் பெயரால் இந்த ஊரில் அவளை யாரும் கூப்பிட்டதில்லை. அப்படி முதலில் கூப்பிட்டவர் வேலையை விட்டு அனுப்புகிறவராக இருந்தார்.

"விதி என்னன்னு உனக்கே தெரியும். ஜூன்லேந்தே நீ இங்க இருந்திருக்கக் கூடாது. மேல எழுதறேன், அவங்க என்ன செய்வாங்களோ தெரியாது." கடிதத்தை மேஜையறைக்குள் வைத்தார். "பன்னிரண்டு மணி வரைக்கும் உள்ள உக்காந்துக்க. ஃபாதர் அப்படித்தான் கேட்டுக்கிட்டிருக்கார்."

சொல்லிவிட்டு முன்பக்கத் தந்தி கவுண்டருக்குப் போனார். அங்கிருந்து வாசலைப் பார்க்கலாம்.

அட்ராக்டா வீங்கிய கன்னத்தோடு போர்டின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். எல்லாம் அவள் காதில் விழுந்திருந்தது. நூலா பக்கத்தில் உட்கார்ந்து, நேற்று கேட்டதை நாலு வார்த்தையில் சொன்னாள். அட்ராக்டா வீங்கிய கன்னத்தைத் தடவிக்கொண்டாள். எதிரே கடிகாரத்தில் பதினொன்று அடித்தது.

"எங்க பெரியம்மா மகளும் அப்படித்தான் போனா," என்றாள். "ஆறு மாசம்னாங்க. ஒம்பது வருஷம் ஆச்சு. லிவர்பூல் நம்பர சொல்லு."

"அவர் வாடகைக்கு இருக்கற வீட்டோட சொந்தக்காரம்மா நம்பர்தான் இருக்கு. அவர் இப்ப வேலையில இருப்பார்."

"சொல்லுடீ."

டப்ளின் வழியாக, கடலுக்கடியில் போகும் கம்பி வழியாக, கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல ஒரு பெண் குரல் வந்தது. நூலா வாயைக் கையால் மறைத்துக்கொண்டு பேசினாள். "கோர்மன்கிட்ட சொல்லுங்க, அவர் மனைவி இன்னிக்குக் கப்பல்ல வர்றா. காலையில துறைமுகத்துல நிக்கச் சொல்லுங்க. ஹலோ? கேக்குதா?"

"மனைவியா?" என்றது அந்தக் குரல். "அவருக்கு மனைவி இருக்கறதா அவர் சொல்லவே..." இரைச்சல் வந்து மூடிக்கொண்டது. அட்ராக்டா மறுபடி இணைத்துப் பார்த்தாள். வரவில்லை.

"கேட்டிருப்பாங்க," என்றாள் அட்ராக்டா. தன் கோட்டைக் கழற்றி நூலாவின் தோளில் போட்டாள். அது அவளுக்கு இரண்டு மடங்கு பெரிதாக இருந்தது, வயிறு தெரியவில்லை. "பின்பக்கம் சைக்கிள் கொட்டகை வழியா போ. தலையைத் தூக்காத."

தட்டென்று நான்காம் நம்பர் மூடி விழுந்தது. இருவரும் அதையே பார்த்தார்கள்.

"எடுக்கலயா?"

"விழுந்தா விழட்டும். லைன்ல கோளாறு. மழை பாரு, எல்லாம் நனைஞ்சு கெடக்கு."

"உன் வேலை போயிடும், அட்ராக்டா."

"என்னை வேலைய விட்டுத் தூக்கணும்னா முதல்ல எனக்கு ஒரு மாப்பிள்ளை பாக்கட்டும்," என்றாள். சிரிக்கப் பார்த்தாள், பல் வலித்தது. "போடீ!"

*

கோழிக் கூடைகளைக் கூரையில் ஏற்றியதில் பஸ் நான்கு நிமிடம் தாமதமாகக் கிளம்பியது. நூலா கடைசி வரிசையில் ஜன்னலோரம் உட்கார்ந்து, அட்ராக்டாவின் கோட்டுக் காலரை உயர்த்திக்கொண்டாள். அவளை யாரும் கேள்வி கேட்கவில்லை. முன்வரிசையில் இருந்த இரண்டு பெண்கள் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு ஒருவரோடொருவர் பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள்.

ஊருக்கு வெளியே ஆற்றுப் பாலம் ஒரு வண்டிக்குத்தான் அகலம். எதிரே ஏதோ வருவதைப் பார்த்து டிரைவர் பஸ்ஸை ஓரமாக நிறுத்தினார்.

கருப்புக் கார் ஒன்று மெதுவாகப் பாலமேறி இறங்கி வந்தது. பஸ்ஸை உரசாமல் இருக்க அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. அதன் பின் ஜன்னல் நூலாவின் ஜன்னலுக்குக் கீழே வந்தபோது, உள்ளே ஒரு கன்னியாஸ்திரியும் அவளருகே அம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள்.

அம்மா பூசைக்குப் போடும் தொப்பியைப் போட்டிருந்தாள். மடியில் அப்பாவின் பழுப்புப் பெட்டி. அவ்வளவு சிறிய பெட்டியில் அவளுக்காக என்னவெல்லாம் அடுக்கியிருப்பாள்? இரவு உடுப்பு, செபமாலை, ஒருவேளை ரொட்டி கூட.

அம்மா தலையைத் தூக்கினாள்.

இரண்டு கண்ணாடிகளுக்கும் மழைக்கும் நடுவில் அம்மாவின் கண்கள் அவளைக் கண்டுகொண்டன. பெரிய கோட்டைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள். ஒரு வார்த்தை போதும். கார் நிற்கும், கதவு திறக்கும், அம்மா 'இறங்கி வா' என்றால் அவள் இறங்கிவிடுவாள். தன்னைப் பற்றி அவளுக்கே அது தெரிந்திருந்தது. அவள் கயிற்றை இழுத்து, மோதிரத்தை வெளியே எடுத்து, கண்ணாடியில் வைத்து அழுத்தினாள்.

அம்மாவின் வாய் லேசாகத் திறந்தது. பிறகு அவள் கன்னியாஸ்திரியின் கையைத் தொட்டு, மறுபக்கம் திரும்பி, பொங்கி ஓடும் ஆற்றை விரல் நீட்டிக் காட்டி ஏதோ சொன்னாள். கன்னியாஸ்திரி அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாள். அவள் பார்த்துக்கொண்டே இருக்கும்படி அம்மா பேசிக்கொண்டே இருந்தாள். கார் கடந்து போனது.

பஸ் பாலத்தின் மேல் ஏறியது.

நூலா கயிற்றை அறுத்து மோதிரத்தை விரலில் போடப் பார்த்தாள். விரல்கள் வீங்கியிருந்தன, கணுவைத் தாண்டவில்லை. எச்சில் தொட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளினாள். தோல் கிழிந்து, மோதிரம் உட்கார்ந்தது.

இன்னும் ஐந்து நிமிடத்தில் கார் தபால் ஆபீஸ் வாசலில் நிற்கும். அம்மா எவ்வளவு நேரம் பேச முடியும்? பஸ் ரயில் நிலையம் போய்ச் சேர நாற்பது நிமிடம். காருக்கு அதில் பாதி போதும். அக்கரையில் ஃபெலிமுக்குச் செய்தி போய்ச் சேர்ந்ததோ இல்லையோ.

அவள் திரும்பி, பின்பக்கக் கண்ணாடியில் படிந்த ஆவியைக் கோட்டுக் கையால் துடைத்தாள். சாலை நீண்டு, மழைக்குள் மறைந்துகொண்டிருந்தது. இதுவரை எதுவும் வரவில்லை. கண்ணாடி மறுபடியும் ஆவியில் மங்கியது. அவள் மறுபடியும் துடைத்தாள்.